திருத்த ஆளில்லாமல் வரையக் கற்பது

தானாகவே படம் வரையக் கற்றுக்கொள்பவர்களுக்கு இன்று பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. மூக்கு வரைய ஒரு காணொளி, மேகம் வரைய ஒரு காணொளி, மழையில் நனைந்த சாலையில் விளக்கு வெளிச்சம் விழுவதை வரையக்கூடத் தனியாக ஒன்று இருக்கிறது. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். நாம் வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "அந்தக் காதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு" என்று சொல்வதற்கு ஒரு ஆள். ஓவியப் பள்ளியில் படிப்பவருக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு அதுதான் என்று நினைக்கிறேன். பொதுவான பாடத்தை யாரும் யாருக்கும் சொல்லிவிடலாம், ஆனால் என் காகிதத்தில் இந்த நிமிடம் நடந்திருக்கும் பிசகை இந்த நிமிடமே காட்டுவதற்கு என் படத்தைப் பார்க்கிற இன்னொரு கண் வேண்டும்.

நான் வேலை முடிந்த பிறகு மாலை நேரங்களில் வரைகிறவன். முறையாக யாரிடமும் படித்ததில்லை, இனிமேல் படிக்கப் போவதாகவும் திட்டம் இல்லை. வரைய வரைய எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம், அந்த இன்னொரு கண் செய்கிற வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து நாமே செய்துகொள்ள முடியும் என்பது. அதற்கு ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வழிகள் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது.

முதலில் கண்ணாடி. ஒரே படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதோடு சமாதானமாகிவிடும். ஒரு கண் மேலேயும் இன்னொன்று கீழேயும் இருக்கும், தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், நமக்கு எல்லாம் சரியாகவே தெரியும். படத்தைக் கண்ணாடி முன் பிடித்தால் இடம் வலமாகிறது, சமாதானம் உடைந்துவிடுகிறது, கோணல் அப்படியே முகத்தில் அடிக்கும். 1435-இலேயே இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி, படத்தின் குறைகளைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி நல்ல நடுவர் என்று எழுதியிருக்கிறார். லியொனார்டோ டா வின்சியும் தன் குறிப்புகளில் இதையே சொல்கிறார்: கண்ணாடியில் பார்த்தால் படம் வேறு யாரோ வரைந்ததுபோலத் தெரியும், பிறர் செய்த பிழை நமக்குச் சட்டென்று தெரியுமே, அதுபோல நம் பிழையும் தெரிந்துவிடும் என்று. நடுநடுவே வேலையை விட்டு எழுந்து போய் வர வேண்டும், தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். கணினியில் வரைபவர்கள் அடிக்கடி படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கிறார்களே, அது இந்தப் பழைய கண்ணாடிதான். காகிதத்தில் வரைகிறவர்கள் கைபேசியில் ஒரு படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே போதும். ஆனால் முடித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. கோடு மெலிதாக இருக்கும்போதே, அழித்தால் அழியும் நிலையிலேயே பார்த்துவிட வேண்டும்.

தனியாகக் கற்றுக்கொண்டவர் என்றதும் எல்லோரும் வான்கோவைச் சொல்வார்கள். அவருக்கு அந்தப் பெயர் முழுக்கப் பொருந்தாது, உறவுக்காரரான ஓவியர் அன்டோன் மோவ் அவருக்குக் கொஞ்சகாலம் சொல்லிக்கொடுத்தார், பிறகு 1886-இல் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்திலும் சில வாரங்கள் இருந்தார். ஆனால் தொடக்கம் தனிமையில்தான். 1880-இல், 27 வயதில், ஓவியர் ஆவது என்று முடிவெடுத்தவர் முதலில் செய்தது என்னவென்றால், பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் தயாரித்திருந்த வரைபடப் பயிற்சித் தாள்களை வரவழைத்து அவற்றைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்ததுதான். அந்தத் தாள்கள் பலவற்றில் ஒரே உருவம் இரண்டு நிலைகளில் இருக்கும், முதலில் நேர்கோடுகளால் மட்டும் போட்ட அமைப்பு, பக்கத்தில் நிழலோடு முடித்த வடிவம். அதாவது விடை பக்கத்திலேயே இருக்கிறது, வரைந்ததை அதனுடன் ஒப்பிட்டுத் தானே திருத்திக்கொள்ளலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி, 1890-இல், வாழ்க்கையின் கடைசி மாதங்களில், அதே பயிற்சித் தாள்களை மறுபடி அனுப்பச் சொல்லித் தம்பி தேயோவுக்கு அவர் எழுதினார் என்பது. தன் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவற்றை அதற்குள் வரைந்து முடித்திருந்த மனிதர் அவர்.

1882-இல் அவர் ஒரு சட்டமும் செய்துகொண்டார். மரச்சட்டம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டமாகவும் நூல் கட்டியது, தரையில் நட்டுவைக்க இரண்டு கம்பங்கள். அதன் வழியாகக் கடற்கரையையும் வயலையும் பார்த்து, எந்த விளிம்பு எந்த நூலை எங்கே வெட்டுகிறது என்று கவனித்து வரைந்தார். இதுவும் புதிதல்ல. ஆல்பெர்ட்டி மெல்லிய துணியில் நூல்கட்டம் போட்டு அதன் வழியே பார்க்கும் முறையை விவரித்திருக்கிறார், ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1525-இல் இப்படிப்பட்ட கருவிகளை மரச்செதுக்குப் படங்களாகவே வெளியிட்டார். கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். ட்யூரருக்குத் தகுந்தது நமக்குத் தகாதா? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், கட்டத்தை விட்டால் கையே ஓடாது என்ற நிலைக்குப் போய்விடக்கூடாது. அதனால் நான் முதலில் கட்டமில்லாமல் வரைந்துவிட்டு, அப்புறம் கட்டம் போட்டுச் சோதிக்கிறேன்.

இந்தச் சோதனையில்தான் நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஒரு புகைப்படத்தைப் பார்த்து, கண் அளவை மட்டும் நம்பி, அதே அளவில் வரையுங்கள். பிறகு டிரேசிங் தாளில் அந்தப் புகைப்படத்தின் முக்கியமான கோடுகளை எடுத்து உங்கள் படத்தின் மேல் வையுங்கள். எங்கெங்கே விலகியிருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஒரு படத்தில் தெரிவது தற்செயலாக இருக்கலாம், பல படங்களுக்கு இப்படிச் செய்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான சாய்வு இருப்பது தெரியவரும். சிலருக்குத் தலை எப்போதும் அகலமாக வரும், சிலருக்கு எல்லாச் செங்குத்துக் கோடும் ஒரே பக்கம் சாயும், சிலர் கைகளைச் சின்னதாகவே போடுவார்கள். தன் சாய்வு எது என்று தெரிந்தவர் பாதி திருத்திக்கொண்டவர். எந்தக் காணொளியும் இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் அது உங்கள் படத்தைப் பார்த்ததே இல்லை.

எல்லோருக்கும் பொதுவான சாய்வுகளும் உண்டு. கண்கள் தலையின் நடுவில் இருக்கின்றன, உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில். அளந்து பார்த்தாலும் நம்ப முடியாது. நமக்கு நெற்றியும் மண்டையும் முக்கியமில்லை, பேசுகிற முகம்தான் முக்கியம், அதனால் தொடக்கத்தில் எல்லோருமே கண்ணை மேலே ஏற்றி வைத்து மண்டையைச் சுருக்கிவிடுகிறோம். அதேபோல ஒரு கோப்பை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது அதன் வாய் நீள்வட்டமாகத் தெரியும், அடிப்பாகமும் நீள்வட்டமாகத்தான் வளையும், சொல்லப்போனால் வாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விரிந்திருக்கும், ஏனென்றால் அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. ஆனால் கோப்பை தட்டையான மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியுமே, அதனால் அடியில் நேர்கோடு போட்டுவிடுவோம். தெரிந்தது, தெரிகிறதைத் தோற்கடித்துவிடுகிறது.

இதற்கு மருந்து, பொருளின் பெயரை மறக்கவைக்கும் சின்னச் சின்ன உத்திகள். புகைப்படத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வரைவது ஒன்று, மூக்கு மூக்காகத் தெரியாமல் வெறும் வளைவாகத் தெரியும். நாற்காலியை வரையாமல் அதன் கால்களுக்கு நடுவே இருக்கும் காலி இடங்களை வரைவது இன்னொன்று. காலி இடத்துக்கு நம் மனதில் முன்கூட்டிய வடிவம் எதுவும் கிடையாது என்பதால் கை நேர்மையாக நடந்துகொள்கிறது. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் முழங்கை முழுக்க நீண்டிருக்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கை மடங்கினால் பென்சில் கண்ணுக்கு அருகே வந்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு கிடைக்கும், அளக்காமல் இருப்பதே மேல்.

சரி, வடிவம் ஓரளவு வந்துவிட்டது. படம் ஏன் இன்னும் சப்பென்று இருக்கிறது?

என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது படங்களுக்குக் காரணம் ஒளிநிழல் அளவுதான். எந்த இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது. வண்ணம் தப்பாக இருந்தாலும் இந்த அளவு சரியாக இருந்தால் படம் நிற்கும், இது தப்பானால் எவ்வளவு அழகான வண்ணமும் காப்பாற்றாது. வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவருக்கும் அதன் பக்கத்துக் கதவிடுக்கு இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தால் எட்டவே முடியாது. காகிதத்தின் வெள்ளைக்கு மேல் வெளிச்சம் கிடையாது, பென்சிலின் கறுப்புக்குக் கீழே இருட்டு கிடையாது. அந்தச் சின்ன எல்லைக்குள் முழு உலகத்தையும் சுருக்க வேண்டியிருக்கிறது, அப்படியிருக்க பயந்து பயந்து நடுவிலுள்ள சாம்பல் நிறங்களையே பயன்படுத்தினால் இருப்பதிலும் பாதியை வீணாக்குகிறோம். எச்பி பென்சில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வரைபவருக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம், எவ்வளவு அழுத்தினாலும் சாம்பலைத் தாண்டாது, தாள்தான் பளபளக்கும். அதைவிட மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும் ஒரு 2பி, ஒரு 6பி பென்சிலைச் சேர்த்துக்கொண்டால் ஆழம் வந்துவிடும். உண்மையான கறுப்பு வேண்டுமென்றால் கரிக்குச்சிதான்.

இதைச் சோதிக்கக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதுபோல நல்ல வழி வேறில்லை. இமைகளைப் பாதி மூடினால் விவரங்கள் மறைந்து பெரிய வெளிச்சத் திட்டுகளும் இருட்டுத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். எதிரே இருக்கும் பொருளை அப்படிப் பாருங்கள், உடனே படத்தையும் அப்படியே பாருங்கள். பொருளில் கழுத்தும் நிழலும் ஒரே இருட்டாகக் கலந்திருக்க, படத்தில் கழுத்தைச் சுற்றித் தனியாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தால் அதுதான் பிழை. வண்ணப் படமாக இருந்தால் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்கலாம். சிவப்புப் பூவும் பச்சை இலையும் வண்ணத்தில் தனித்தனியாகத் துள்ளிக்கொண்டு நிற்கும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்வதைப் பார்த்தால் படம் ஏன் எழவில்லை என்று புரிந்துவிடும்.

ஆனால் கண் இன்னொரு இடத்திலும் நம்மை ஏமாற்றும். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் என்பவரிடம், கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பை வெளிறச் செய்திருக்கின்றன. ஒரு நிறம் எப்படித் தெரிகிறது என்பதை அதன் பக்கத்து நிறம் தீர்மானிக்கிறது என்பதை அவர் விரிவாக ஆராய்ந்து 1839-இல் வெளியிட்டார், பின்னால் வந்த ஓவியர்கள் பலர் அதைத் தேடிப் படித்தார்கள். நமக்கு இதில் ஒரு சுலபமான கருவி கிடைக்கிறது: சாம்பல் நிற அட்டை ஒன்றில் சின்னத் துளை போட்டு, அதன் வழியாகப் பார்ப்பது. வெள்ளைச் சட்டையின் நிழல் பகுதியைத் துளை வழியாகப் பாருங்கள். வெள்ளை என்று மனது அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது, துளையில் நீலம் கலந்த சாம்பலாகவோ சில சமயம் செம்மையாகவோ தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை. ஊர்ப்பட்ட நிறங்கள் நம் கண்முன்னாலேயே ஒளிந்துகொண்டிருக்கின்றன.

வண்ணத்துக்கு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 48 நிறப் பெட்டி வாங்காதீர்கள். நிறைய நிறம் இருந்தால் கலக்கக் கற்க மாட்டோம், எதையும் எதனோடும் கலந்து சேறாக்குவோம். குழாயின் மேல் எழுதியிருக்கும் அழகான பெயர்களைவிட, ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீடுதான் உண்மையைச் சொல்லும். பிபி 29 என்றிருந்தால் அல்ட்ராமரீன் நீலம், எந்த நிறுவனம் என்ன பெயர் வைத்தாலும் சரி. ஒரே குழாயில் மூன்று குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலவை, அதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தால் மங்கலாவதில் ஆச்சரியமில்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்று சின்ன வயதில் படித்தோமே, எந்த நீலம், எந்த மஞ்சள் என்று யாரும் சொல்லவில்லை. அல்ட்ராமரீனில் சிவப்புச் சாயல் இருக்கிறது, ஆரஞ்சுப் பக்கம் சாயும் மஞ்சளோடு கலந்தால் காய்ந்த இலை மாதிரி ஒரு பச்சைதான் வரும். பச்சைப் பக்கம் சாயும் தாலோ நீலத்தை எலுமிச்சை மஞ்சளோடு கலந்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை. இரண்டுமே தேவைப்படும் நிறங்கள், எது எப்போது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரில் வழங்கும் வண்ணத்தட்டில் மஞ்சள் காவி, ஒரு சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கு மட்டுமே. அந்தக் கறுப்பை மஞ்சளோடு கலந்தால் பச்சை கிடைக்கிறது, வெள்ளையோடு கலந்து சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நீலம்போலத் தெரிகிறது. ஷெவ்ரல் சொன்னது இங்கே நேராக வேலை செய்கிறது.

நிறம் நிலைக்குமா என்பதும் முக்கியம். வான்கோ 1888-இல் தன் படுக்கையறையை வரைந்தபோது சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார், இன்று அந்தப் படத்தில் சுவர் நீலமாக இருக்கிறது, கலவையிலிருந்த சிவப்பு நிறமி மங்கிப் போனதால். பழைய வகை அலிசரின் கிரிம்சன் என்னும் அடர்சிவப்பை, அதாவது பிஆர் 83-ஐ, இன்றும் விற்கிறார்கள், அதுவும் மங்கும். உங்களிடம் இருக்கும் வண்ணங்களைத் தாளில் பட்டைகளாகத் தீட்டி, பாதியைக் கெட்டியான அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதங்கள் விட்டுவிடுங்கள். எதை நம்பலாம் என்று தாளே சொல்லும்.

ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்தபின் இருக்காது, இதையும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் சொல்லியிருப்பார். நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறும். அக்ரிலிக் காய்ந்தால் சற்று அடர்ந்துவிடும், அதிலுள்ள பால்போன்ற பசை காய்ந்து தெளிவாகிவிடுவதால். ஆகவே பக்கத்தில் அதே தாளின் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு முதலில் அதில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. நீர்வண்ணத்தில் கையில் இருக்கும் பணத்தைத் தூரிகையைவிடத் தாளுக்கே செலவிடச் சொல்வேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளில் தண்ணீர் நிற்கும், நிறம் மெதுவாகப் பரவும், தாள் அதிகம் சுருங்காது. சாதாரண வரைதாளில் நீர்வண்ணம் தீட்டிவிட்டுத் தனக்கு வராது என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் கையில் குறையே இல்லை.

புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைவதைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. தவறில்லை, நானும் செய்கிறேன். ஆனால் கேமரா ஏற்கெனவே நிறைய முடிவுகளை எடுத்துவிட்டது. கைபேசியை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் ஆகிவிடும், நிழல்கள் வெறும் கறுப்பாக அடைந்துவிடும். எதிரே ஒரு செருப்பையோ சாவிக்கொத்தையோ வைத்து, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு வரைந்து பாருங்கள். நிழலுக்குள் மேசையிலிருந்து எகிறி வரும் மெல்லிய வெளிச்சம் தெரியும், நிழலின் விளிம்பு பொருளுக்குப் பக்கத்தில் கூர்மையாகவும் தள்ளிப் போகப் போகக் கரைந்தும் இருப்பது தெரியும். இவற்றைக் கண்ணால் பார்த்து வரைந்தவர், பிறகு புகைப்படத்திலிருந்து வரைந்தாலும் அதில் விடுபட்டதைத் தானே சேர்த்துக்கொள்வார்.

படங்களில் தேதி போட்டு வைத்துக்கொள்வது அவசியம். பிடிக்காத படங்களையும் கிழிக்காமல் வைத்திருங்கள். வரைந்த அன்று நாம் ஓவியர், சில மாதம் கழித்து அதே படத்தைப் பார்க்கும்போது நாம் வேறொருவர், அந்த வேறொருவர் நமக்குக் கிடைக்கக்கூடிய நல்ல ஆசிரியர்களில் ஒருவர். அதே பொருளை மறுபடி வரைந்து பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மாறியிருக்கிறது, எது மாறவே இல்லை என்று தெரியும். மாறாமல் இருப்பதுதான் அடுத்த மாத வேலை.

கடைசியாக, மனிதர்களிடம் காட்டுவது. அன்பானவர்களிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டால் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் பார்த்துப் போடும் விருப்பக் குறிகளும் அப்படித்தான், எந்தக் கோடு பிசகு என்று அவை சொல்லாது. ஓவியம் தெரியாதவர்கூடப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்க வேண்டும். இதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? இவருக்கு என்ன வயது இருக்கும்? இந்தப் பாத்திரம் மேசையில் உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா? முதலில் உங்கள் கண் எங்கே போனது? வெளிச்சம் பற்றிய கேள்விக்குத் தயங்காமல் இடதுபக்கம் என்று பதில் வந்தால் நிழல் தன் வேலையைச் செய்திருக்கிறது. கொஞ்சம் யோசித்து, மேலிருந்தா, இல்லை, வலதுபக்கமா என்று இழுத்தால், எந்த இடம் அவரைக் குழப்பியது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். அழிப்பானை அங்கேயிருந்து தொடங்கலாம்.